கடைசி மேசைக்குப் போகாத செய்தி

தம்பி,

நேற்று சாப்பிடும்போது போனைத் திருப்பிக் காட்டினாய். அயர்லாந்தில் நீ தங்கப்போகும் வீடு. மூன்று அறை, ஒரு சமையலறை, ஐந்து பேர். இரண்டு பேர் ஆவடி, ஒருத்தன் தாம்பரம், ஒருத்தன் ஈரோடு, ஐந்தாவது நீ. இன்னும் யாரும் விமானமே ஏறவில்லை, அதற்குள் வகுப்பு புராஜெக்டுக்கும் இதே ஐந்து பேர்தான் என்று பேசி முடித்துவிட்டீர்கள். ஈரோட்டுப் பையனுக்கு ரசம் வைக்கத் தெரியும் என்றதுமே உன் அம்மாவுக்குப் பாதிக் கவலை தீர்ந்துபோனது. நானும் "நல்லதுப்பா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நீ சும்மா இல்லாமல், "வேற நாட்டுப் பசங்கள குரூப்ல சேத்தா டைமுக்கு வரமாட்டாங்கப்பா. மெசேஜ் போட்டாலும் பாக்க மாட்டாங்க. பராக்கா கதைதான் தெரியுமே" என்றாய். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். உடம்புக்கு என்ன என்று அம்மா கேட்டாள். வெயில் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

பராக்கா கதை எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. அதில் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ இத்தனை வருடம் கூடப் படித்த பராக்காவை, ஒரு நல்ல நண்பனை, ஒதுக்கி வைத்திருக்கிறாய். இப்போது அதே பொய்யை மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டவும் போகிறாய். நீ கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நானே பெட்டி எடை என்ன, கம்பளிச் சட்டை வாங்கியாச்சா என்று பேச்சை மாற்றிவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள். இதை நீ மற்றவர்களிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆவடி தொழிற்சாலையில் நான் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டர். ராணுவத்துக்குச் சாமான் செய்கிற இடம். அந்த இடம் ஒரு ஆளை என்ன செய்துவிடும் என்று நான் அங்கே இருந்த வரைக்கும் யோசித்ததில்லை. வாசலில் பாஸ் காட்ட வேண்டும். உள்ளே போன் கூடாது. வெளி ஆள் வந்தால் பெயரை எழுத வேண்டும், கூடவே போக வேண்டும், கூடவே கொண்டுவந்து வாசலில் விட வேண்டும். குவார்ட்டர்ஸில் நெல்லை, தர்மபுரி, வேலூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தோம். மேல்வீட்டு நாகர்கோவில் அக்கா மீன்குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றியதை உன் அம்மா ஒரு மாதம் ஆச்சரியப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அதுவே வெளிநாடு. நிஜமான வெளிநாட்டுக்காரர் எப்போதாவது வருவார். அவர் வருவதற்கு முன்னால் சுற்றறிக்கை வரும். அவர் போகிற வழியில் நிற்கக்கூடாது, கேட்டால் ஒழியப் பேசக்கூடாது. நாங்களும் மெஷினைப் பார்த்தபடி நிற்போம். அவர் எந்த நாடு, என்ன சாப்பிடுவார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டதே இல்லை.

விருப்ப ஓய்வு வாங்கி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து நசரத்பேட்டைக்கு வந்த பிறகு, வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒர்க்‌ஷாப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். அடுத்த வருடம் நீயும் அங்கேயே வந்து சேர்ந்தாய். முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஃபிட்டிங் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இரண்டு இரும்புத் தகடு. ஒன்றில் முக்கோணமாக வெட்டு விழ வேண்டும், மற்றதில் அதே அளவுக்கு முக்கோணம் துருத்த வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒளி தெரியக்கூடாது. தகட்டை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் குறைவாக இருந்ததால் இரண்டு பேருக்கு ஒரு ஜோடித் தகடு, இரண்டு பேருக்கும் ஒரே மார்க். யார் யாரோடு என்பதை வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான் பிரிப்பேன். ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நாலும் ஒரு ஜோடி. வெளிநாட்டுப் பிள்ளைகள் விசா கிடைத்து வந்து சேர்வதற்குள் வகுப்பு தொடங்கி ஒன்றரை மாதம் ஓடியிருக்கும். அதனால் அவர்கள் பெயர் பட்டியலின் கடைசியில் இருக்கும். தான்சானியாவும் நேபாளமும் சூடானும் பூட்டானும் ஒன்றுக்கொன்று ஜோடியாகி, கடைசி மேசையில் வந்து நிற்கும். அந்த மேசை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் உடனே கேட்கலாம், பாவம் புது ஊர் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். நானே அதை நம்பவும் செய்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது. தொழிற்சாலை வாசலில் வெளி ஆளின் பெயரை எழுதிக்கொண்டு கூடவே நடந்தவன், அவர்களைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டதைத்தான் அக்கறை என்று நினைத்திருக்கிறேன்.

அவர்களிடம் எனக்கு ஆச்சரியமான விஷயம், எதற்கும் தலையாட்டுவார்கள். "கோடு வரைக்கும்தான் அரத்தால ராவணும், கோட்டு மேல குத்தின புள்ளி பாதி தெரியணும், புரிஞ்சுதா?" என்பேன். நான்கு தலையும் ஆடும். அரை மணியில் பார்த்தால் கோட்டையும் காணோம், புள்ளியையும் காணோம். ஒருநாள் தான்சானியாப் பையன் பராக்காவைப் பிடித்துக் கேட்டேன், புரியாவிட்டால் ஏன்டா தலையாட்டுகிறாய் என்று. அவன் ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னான்: "புரியலைன்னு சொன்னா நீங்க அதையே தமிழ்ல இன்னும் சத்தமா சொல்றீங்க சார். அதனால புரிஞ்சதுன்னு சொல்லிடுறது எல்லாருக்கும் சுலபம்." எனக்குச் சுரீர் என்றது. ஆனால் அவனைப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான். அவன் ஊரில் ஒரு ஏரி இருப்பதாகச் சொன்னான். நான் செம்பரம்பாக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிசு என்றேன். கப்பலில் சாயங்காலம் ஏறினால் விடிந்த பிறகுதான் அடுத்த கரை என்றான். விட்டால் போதும் என்று அளக்கிறான் என்று நினைத்தேன். நீதான் போனில் வரைபடத்தை எடுத்துக் காட்டி என் வாயை அடைத்தாய்.

நீங்கள் இருவரும் எப்படிப் பழக்கமானீர்கள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. டீக்கடையில் அவன் ஒரு பன்னை வாங்கி, பிளேடால் வெட்டி, குறுக்குவெட்டுத் தோற்றம் என்றால் என்ன என்று உனக்கு விளக்கியதாக நீ வீட்டில் வந்து சொன்னது நினைவிருக்கிறது. எஞ்சினியரிங் டிராயிங் உனக்கு எட்டிக்காயாக இருந்த சமயம். அப்புறம் என்னிடம் வந்து, "ப்பா, ஃபிட்டிங்ல என்னைப் பராக்காவோட போடுப்பா. அவனுக்கு ராவ வரல, எனக்கு டிராயிங் வரல, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்" என்றாய். நான் ரோல் நம்பர்படிதான் போட முடியும் என்றேன். அது முதல் பொய், சின்னப் பொய். பெண்பிள்ளைகள் கேட்டபோது நானே இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரே மார்க் என்பதால் அவன் கையால் உன் மார்க் குறைந்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிடட்டுமா என்று கேட்டாய். "வீட்டுக்கெல்லாம் வேணாம்" என்றேன். ஏன் என்று கேட்டாய். எனக்கே காரணம் தெரியவில்லை. நம் வீட்டு வாசலில் எந்த ரிஜிஸ்தரும் இல்லை, ஆனாலும் சொன்னேன்.

இனி பெரிய பொய்யைச் சொல்கிறேன். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் எல்லாம் தமிழில் ஓடுகிறது என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு குழு தொடங்கினேன். துறைத் தலைவர்கூடப் பாராட்டினார். செய்முறைத் தேர்வு அன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மத்தியானமே ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றதால், பிற்பகல் பேட்ச்சைக் காலைக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். பெரிய குழுவில் போட்டேன். சின்னக் குழுவில் போட மறந்துவிட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளில் பிற்பகல் பேட்ச்சில் இருந்த இருவர், பராக்காவும் அவன் ஜோடி நேபாளப் பையனும், ஒன்றரை மணிக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் போய்விட்டிருந்தார். இருவருக்கும் ஆப்சென்ட்.

சாயங்காலம் நீ கேட்டாய், "ப்பா, அவங்களுக்குச் சொன்னியா?" கொஞ்சமும் யோசிக்காமல் "சொன்னேனே" என்றேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? துறைத் தலைவரிடமும் அதையே சொன்னதால் உன்னிடம் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. நீ நேராகப் போய் அவனிடம், மெசேஜைப் பார்க்காதது உன் தப்பு, அதை எங்கப்பா மேல் போடாதே என்று சண்டை போட்டிருக்கிறாய். அவன் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, இல்லையா? மறுநாள் காலை என்னிடம் வந்தான். போனைத் திறந்து அந்தக் குழுவைக் காட்டினான். அதில் என் கடைசிச் செய்தி, ஷூ போட்டுக்கொண்டு வரவும் என்பது, ஒன்பது நாள் பழசு. "இதுல இல்ல சார்" என்றான். நான் துறைத் தலைவரிடம் பேசுகிறேன் என்றேன். "உங்க மகன்கிட்ட இதைக் காட்ட மாட்டேன் சார். அவன் உங்க மகன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் துறைத் தலைவரிடம் பேசவில்லை. அவனுக்கு உதவித்தொகை கொடுக்கிற அவன் நாட்டு அலுவலகம், தேர்வுக்கு ஏன் போகவில்லை என்று விளக்கம் கேட்டது. நேரத்தைக் கவனிக்காதது என் தவறு என்று அவனே எழுதிக் கொடுத்தான். எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு நின்று அந்தத் தேர்வை எழுதினான். என் முன்னால்தான் எழுதினான். வணக்கம் சொல்வதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. எனக்கு அதைவிடக் கஷ்டமான தண்டனை கிடையாது.

அவன் வணக்கம் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே அரித்தது. அடுத்த வருடம் முதல் வேலையாகச் சின்னக் குழுவைக் கலைத்தேன். எல்லோருக்கும் ஒரே குழு, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. அப்புறம் பதிவேட்டை மூடிவிட்டுச் சீட்டுப் போட்டு ஜோடி பிரித்தேன். பிரமாதமாக ஏதோ நடக்கப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. நம் பிள்ளைகள், "உடு மச்சான், நான் பாத்துக்குறேன்" என்று இரண்டு தகட்டையும் தாங்களே ராவினார்கள். வந்த பிள்ளைகள் பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்று இரும்புத்தூளைத் தட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் பேசிவிடுவார்கள் என்று நினைத்தது என் வெகுளித்தனம். அப்படியானால் எப்போதுதான் பேசுவார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில், கேன்டீனில், எங்கே போனாலும் யார் யாரோடு பேசுகிறார்கள், எதற்காகப் பேசுகிறார்கள் என்றே பார்த்தேன். எனக்குத் தெரிந்த வரைக்கும், தேவை இருந்தால் பேசுகிறார்கள். நல்லெண்ணத்துக்காக இரண்டு நாள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு தகடு. அடுத்தவர் தகட்டில் அரத்தை வைக்கக்கூடாது. ஆனால் அதை வெர்னியரால் அளந்து, எங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் சேராது, இரண்டு பேருக்கும் மார்க் போகும். அந்த வருடச் சீட்டில் மண்ணூர்பேட்டைக் கலைவாணிக்கு ஜோடியாக விழுந்தவள் நீமா. இவளும் பராக்காவின் நாடுதான். கலைவாணியின் அம்மா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கலைவாணி தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். முதல் வாரம் இருவரும் விரலைக் காட்டிக் காட்டியே பேசினார்கள். மூன்றாவது வாரம் கலைவாணி பொறுமை இழந்து, "இன்னாமே இது, நடுவுல மட்டும் ராவிக்கினே கீற? லைட்டு தெரியுது பாரு!" என்று கத்தினாள். நீமா என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை நிதானமாக வெர்னியரை எடுத்து, கலைவாணி தகட்டில் வைத்து, எண்ணைப் படித்துவிட்டு, "என்து கரீக்டாதான் கீது. உன்து கோணல்" என்றது. ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. கலைவாணி அளந்து பார்த்தாள். அவளுடையதுதான் கோணல்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் அப்போது தெரிந்தது. நீமா எதற்கெடுத்தாலும் "ஒய்?" என்று கேட்கும். ஏன் பாதிப் புள்ளி தெரிய வேண்டும், ஏன் அரத்தைத் திரும்ப இழுக்கும்போது தூக்க வேண்டும்? நான் பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஒருநாள் கலைவாணி வந்து, "சார், எனக்கே பாதி கிளாஸு புரியாது சார். இங்கிலீஷ்ல கேக்க வெக்கமா கீது. நானும் தலைய ஆட்டிக்கினுதான் இருந்தேன். இவ கேக்கசொல்லோதான் எனக்கும் புரியுது" என்றாள். பார்த்தாயா, தலையாட்டுவது அந்தக் கடைசி மேசைப் பழக்கம் என்று நினைத்திருந்தேனே, முதல் மேசையிலும் ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தமிழ்த் தலை ஆடியது கண்ணில் படவில்லை. அதற்கப்புறம் எல்லாவற்றையும் படம் போட்டுத்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் செய்த வேலையில் எனக்கே காரணம் தெரியாத இடங்கள் எத்தனை என்று அந்த வருடம்தான் கண்டுபிடித்தேன். சிலவற்றுக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரிந்தால் சொல்லு.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதே. ஒரு ஜோடி கடைசி வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பையனின் அப்பா வந்து, "நீங்க விளையாட எம் புள்ள மார்க்குதான் கெடச்சுதா?" என்று சத்தம் போட்டார். நான் பயந்ததைத்தான் அவரும் பயந்தார். நீமாவே ஒருமுறை என்னிடம் வந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் மொழி பேசுகிறவர்கள் ஒன்றாகச் சாப்பிடுவோம், அதில் மட்டும் கை வைக்காதீர்கள் சார் என்றது. வாரம் முழுக்க யோசித்து யோசித்துப் பேசிய வாய்க்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வாம். சரி என்றேன்.

அதனால் அந்த ஐந்து பேர் வீட்டை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அங்கேயே இரு, ரசம் சாப்பிடு, வீட்டுக்குள் தமிழில் சத்தம் போடு. நான் கேட்பது அந்த புராஜெக்ட் குழுவைப் பற்றி மட்டும்தான். அதை இங்கேயே முடித்துக்கொண்டு போகாதே. அந்த ஊர்ப் பிள்ளைகள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள், வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாமே, அது நிஜமா? உன் கணக்கை அவர்கள் சரிபார்த்தால் எப்படிச் சொல்வார்கள்? நாலு சுவருக்குள் ஐந்து தமிழர்களாகவே இருந்துவிட்டால் இதெல்லாம் எனக்கு யார் எழுதுவார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. அங்கே உன் பெயர்தான் பட்டியலின் கடைசியில் இருக்கும். பாவம் புதுசு என்று உங்களை எல்லாம் ஒரு ஓரமாகச் சேர்த்து உட்கார வைக்கிற நல்ல மனிதர் ஒருவர் அங்கேயும் இருப்பார். அவர் ஒருநாள் உன்னிடம் சொல்ல மறந்துவிட்டு, சொன்னேன் என்று சொன்னால் நீ என்ன செய்வாய் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பராக்கா செய்ததை என் பிள்ளை செய்ய வேண்டி வரக்கூடாது என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. அவன் பெற்றோருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்.

அவன் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய், அந்த ஏரிக்கரையில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறான். இன்று காலை அவனுக்குச் செய்தி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டேன், நடந்ததை என் மகனிடம் சொல்லப்போகிறேன் என்றும் எழுதினேன். நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் பிந்தியாம். மத்தியானம்தான் பதில் வந்தது. ஒரே வரி. "சொன்னா அவன் உங்ககூடப் பேசாம போயிடுவானே சார், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று பதில் போட்டுவிட்டேன். அவன் எண்ணை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதலில் அவனைக் கூப்பிடு. என்னிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அப்பா